தேசியப் பூங்காவைக் காணச் செல்வோரும் அவர்கள் தங்கும் விடுதிகளும்

காட்டு விலங்குகளை அவற்றின் இயற்கைச் சூழலில் காண விரும்புவோரின் தொகை நம் நாட்டில் பெருகி வருகின்றது. மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும், விரிவாக்கப் பணியாளர்களும், வனத்துறையின் கள ஊழியர்களும் இத்தகைய பயணங்களில் வழிகாட்டிகளாக அமைகின்றனர். புலி எங்கே தென்படும் என்னும் கேள்விக்கு விடை கூறுவதோடு வழிகாட்டியின் கடமை முடிந்துவிடுவதில்லை. காடு எவ்வாறு அமைந்துள்ளது, அதிலுள்ள உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து எவ்வாறு வாழ்கின்றன, காண வந்தவர் இரவில் தங்கும் இடம் அவ்வுயிர்களை எவ்வாறு பாதிக்கின்றது என்னும் மூன்றையும் அவர் விளக்குதல் வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே கற்பிப்பதற்கு ஏற்ற இடம், உத்தராகண்ட மாநிலத்தில் இமயமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள கார்பெட் தேசியப் பூங்காவாகும். அதனை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடம் எழுதப்படுகின்றது.

பூங்காவின் வரலாறு

இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா இதுவே. 1936ஆம் ஆண்டில் இது நிறுவப்பட்டபோது, அக்காலத்து ஐக்கிய மாகாணத்தின் ஆளுநர் பெயரால் ஹெய்லி தேசியப் பூங்கா என வழங்கிற்று. நாடு விடுதலை பெற்ற பின்னர், அதனூடே பாயும் ஆற்றின் பெயரால் சிலகாலம் இராமகங்கைப் பூங்கா எனப்பட்டது. பூங்காவின் எல்லைகளை வகுப்பதில் துணை நின்றவரும், குமாவோன் மலைப்பகுதியில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிப் பின்னர் புலிகளின் பாதுகாப்பிற்காகப் பேசியவருமான ஜிம் கார்பெட் 1955இல் காலமானார். அதன்பின் அவருடைய பெயர் பூங்காவிற்குச் சூட்டப்பட்டது. காலாடுங்கியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது.

1973ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று புலிகள் பாதுகாப்புத் திட்டம் இப்பூங்காவிலேயே தொடங்கி வைக்கப்பட்டது. தேசியப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 520 சதுர கிலோமீட்டர். அதனைச் சூழ்ந்த காடுகளையும் சேர்த்தமைந்த புலிகள் காப்பகத்தின் பரப்பு ஏறத்தாழ 1,288 சதுர கிலோமீட்டர். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இக்காப்பகத்தில் 260 புலிகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. அதே கணக்கெடுப்பில் நாடு முழுவதற்குமான சராசரி மதிப்பீடு 3,682 ஆகும். 2006இல் நாட்டின் புலித்தொகை 1,411 என மதிப்பிடப்பட்டதை நினைவுகூர்ந்தால், இடைப்பட்ட ஆண்டுகளில் பாதுகாப்புப் பணி அடைந்த பயன் விளங்கும்.

இப்பயனுக்குரிய விலையைச் சிலர் செலுத்தினர் என்பதையும் மாணவர் அறிதல் நலம். ஜிர்னா, கோட்டிராவ், தாரா என்னும் சிற்றூர்களின் மக்கள் 1990களில் பூங்காவினின்று வெளியே குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் உழுத நிலம் இன்று மான்கள் மேயும் புல்வெளியாகக் காணப்படுகின்றது. இராமகங்கையின் குறுக்கே காலாகட் என்னுமிடத்தில் கட்டப்பெற்று 1974இல் நிறைவுற்ற அணையால், பூங்காவின் புல்வெளிகளுள் ஒரு பகுதி நீரில் மூழ்கிற்று. பூங்கா என்பது மனிதர் கைபடாத நிலம் என்னும் எண்ணம் இதனால் திருத்தம் பெறும்.

நிலமும் நீரும்

பூங்காவின் உயிர்வாழ்க்கையை அறிவதற்கு முதலில் அதன் நிலத்தை அறிய வேண்டும். இமயமலையின் தென்விளிம்பில் சிவாலிக் குன்றுகள் நிற்கின்றன. மலையிலிருந்து இறங்கும் ஆறுகள், தம் வேகம் குறையும் அடிவாரத்தில், சுமந்து வந்த பாறைத் துண்டுகளையும் கூழாங்கற்களையும் பரப்பிவிடுகின்றன. இவ்வாறு அமைந்த கல்நிலத்திற்குப் பாபர் என்று பெயர். கற்களுக்கிடையே இடைவெளி மிகுந்திருப்பதால், சிற்றோடைகளின் நீர் நிலத்தினுள் இறங்கி மறைகின்றது. மழைக்காலத்தில் பெருக்கெடுக்கும் ஓடைகள் கோடையில் வெறும் கல்பரப்பாகக் காட்சியளிக்கின்றன. மறைந்த நீர் தெற்கே நுண்மணல் நிறைந்த தராய் நிலத்தில் மீண்டும் ஊற்றாக வெளிப்படுகின்றது.

இதனால் விளையும் உண்மை ஒன்றை ஆசிரியர் அழுத்தமாக எடுத்துரைக்க வேண்டும். கோடையில் இவ்வடிவாரக் காட்டில் வாழும் விலங்குகளுக்கு வற்றாத நீர் சில இடங்களிலேயே கிடைக்கின்றது. பூங்காவினுள் இராமகங்கையும் அதன் நீர்த்தேக்கமும் உண்டு. பூங்காவின் கிழக்கெல்லையை அடுத்துக் கோசி ஆறு பாய்கின்றது. மே, ஜூன் மாதங்களில் யானைக் கூட்டங்கள் இவ்விரண்டையும் நாடி நடக்கின்றன. இக்கட்டுரையின் பிற்பகுதியில் விடுதிகளைப் பற்றிக் கூறப்படுபவை யாவும் இந்த ஓர் உண்மையைச் சார்ந்தவை.

மேட்டு நிலத்திலும் சமநிலத்திலும் சால மரங்கள் அடர்ந்து வளர்கின்றன. கோடையின் தொடக்கத்தில் பூக்கும் சால மரத்தின் சிறகுடைய விதைகள் மழை தொடங்கும் தறுவாயில் உதிர்கின்றன. அவ்விதைகளின் முளைக்கும் ஆற்றல் சில நாட்களே நிலைப்பதால், மழை உரிய காலத்தில் பெய்வது அம்மரத்தின் பெருக்கத்திற்கு இன்றியமையாதது. ஆற்றங்கரைகளில் சீசமும் கருங்காலியும் காணப்படுகின்றன. சௌர் என்று வழங்கும் அகன்ற புல்வெளிகள் மான்களின் மேய்ச்சல் நிலங்களாகும். இவற்றுள் திகாலா புல்வெளி புகழ்பெற்றது.

ஒரு புலிக்கு எத்தனை மான்கள் வேண்டும்?

வகுப்பில் போடத்தக்க எளிய கணக்கு ஒன்றை இங்கே தருகின்றோம். ஒரு புலி, புள்ளிமானின் அளவுள்ள விலங்குகளை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50 வரை கொன்று தின்கின்றது. அதாவது வாரத்திற்கு ஒன்று என்னலாம். இரைவிலங்குகளின் தொகை குறையாமல் நிலைத்திருக்க வேண்டுமாயின், ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கிற்கு மேல் புலி எடுத்துக்கொள்ளலாகாது எனக் கொள்வோம். அப்படியாயின் ஒரு புலிக்கு 500 இரைவிலங்குகள் கொண்ட தொகுதி தேவை. அத்தனை மான்களுக்கும் புல் வேண்டும். புல்லுக்கு மண்ணும் நீரும் வேண்டும். அம்மண்ணை அரிக்காமல் காக்கும் காடு வேண்டும்.

காப்பகத்தின் பரப்பாகிய 1,288 சதுர கிலோமீட்டரை 260 புலிகளால் வகுத்தால், புலி ஒன்றிற்கு ஏறத்தாழ 5 சதுர கிலோமீட்டர் கிடைக்கின்றது. இது சராசரியே. ஆண் புலியின் எல்லை மிகப் பெரியது. அதனுள் பெண் புலிகள் பலவற்றின் எல்லைகள் அடங்கியிருக்கும். குட்டிகள் ஏறத்தாழ இரண்டு வயதில் தாயைப் பிரிந்து தமக்கென இடம் தேடிச் செல்கின்றன. இடம் நிறைந்த காட்டில் அவற்றிற்கு இடமில்லை. ஆகவே அவை அண்டைக் காடுகளுக்குப் போக வழி இருத்தல் வேண்டும். வழி அடைபட்டால், இளம்புலிகள் தம்முள் போரிட்டு மடியும், அல்லது ஊர்ப்புறங்களில் திரியும். தலைமுறைகள் பல கடந்தபின், வெளிக்கலப்பின்றி ஒரே இரத்தத்தில் பெருகும் குறையும் நேரும்.

காட்டில் எதைக் கவனிப்பது?

புலியைக் கண்டால்தான் பயணம் பயனுடையது என்னும் எண்ணத்துடன் மாணவர் புறப்படுவாராயின், பெரும்பாலோர் ஏமாற்றத்துடனேயே திரும்புவர். புலி பகலில் பெரும்பகுதி நேரம் நிழலில் படுத்திருக்கும் விலங்கு. ஆனால் அதன் இருப்பை அறிவிக்கும் அடையாளங்கள் பல. மண்பாதையில் காலடித் தடத்தைக் காட்டி, அதில் நகக் குறி இல்லாமையைச் சுட்டுக. பூனையினத்தைச் சேர்ந்த புலி நடக்கும்போது நகங்களை உள்ளிழுத்துக்கொள்கின்றது. நாயின் தடத்தில் நகக் குறிகள் தெளிவாக விழும். இவ்விரண்டையும் மாணவர் தம் குறிப்பேட்டில் வரைதல் வேண்டும்.

அடுத்து ஒலிகளைக் கேட்கப் பழக்குக. மந்திகள் மரக்கிளைகளிலிருந்து உதிர்க்கும் தழைகளையும் கனிகளையும் கீழே நின்று புள்ளிமான்கள் உண்கின்றன. மந்தி உயரத்திலிருந்து தொலைவில் வருவதைப் பார்க்கும். மான் மோப்பத்தால் அறியும். இரண்டும் எழுப்பும் எச்சரிக்கைக் குரல்களைக் காடு முழுவதும் கேட்கும். கடமானின் குரல் எழுந்தால் வழிகாட்டிகள் வண்டியை நிறுத்திக் காத்திருப்பர். இவ்வாறு வெவ்வேறு இனங்கள் பயன் பரிமாறி வாழ்வது பாடப்புத்தகத்தில் படித்ததைவிட நன்கு மனத்தில் பதியும்.

இராமகங்கையின் கரையில் நீண்ட மூக்குடைய கரியல் முதலை வெயில் காய்வதைக் காணலாம். அது பெரும்பாலும் மீனுண்டு வாழ்வது. வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் சிறு பானை போன்ற புடைப்பு இருக்கும். அதே கரையில் அகன்ற முகமுடைய சதுப்பு முதலையும், நீரில் மாசீர் மீன்களும், அவற்றை வேட்டையாடும் நீர்நாய்களும் உண்டு. பூங்காவில் 500க்கு மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. ஆதலால் மாணவர் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பொருளை ஒப்படைத்துக் குறிப்பெடுக்கச் செய்யலாம்.

பயண ஏற்பாடு

தில்லியிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இராம்நகர் பூங்காவின் வாயில் நகரமாகும். அங்குவரை இரயில் வசதி உண்டு. பூங்கா திகாலா, பிஜ்ரானி, ஜிர்னா, டேலா முதலிய பார்வைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. திகாலா பகுதிக்குச் செல்லும் வாயில் இராம்நகரிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் தாங்கடி என்னுமிடத்தில் உள்ளது. மழைக்காலத்தில் ஓடைகள் பெருக்கெடுப்பதால் திகாலா பகுதி ஏறத்தாழ ஜூன் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை மூடப்படும். அனுமதிச் சீட்டை வனத்துறையிடமிருந்து முன்னதாகவே பெறவேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் வண்டிகளின் தொகை வரையறுக்கப்பட்டிருப்பதால், குழுவாகச் செல்லும் பள்ளிகள் பல வாரங்களுக்கு முன்பே ஏற்பாடு செய்தல் நலம்.

குளிர்காலத்தில் காலைநேரம் கடுங்குளிராக இருக்கும். திறந்த வண்டியில் செல்வோருக்குக் கம்பளி ஆடை அவசியம். கோடையில் வெப்பம் 40 பாகையை எட்டும். ஆயினும் நீர்நிலைகளில் விலங்குகள் கூடும் காலம் அதுவே. மண்ணிறமும் பச்சையுமான ஆடைகள் ஏற்றவை. காட்டினுள் வண்டியைவிட்டு இறங்குதல், உரக்கப் பேசுதல், விலங்குகளுக்கு உணவெறிதல், புகைபிடித்தல் ஆகியவை கூடா. கோடையில் உலர்ந்த சால இலைகளின்மீது விழும் ஒரு தீப்பொறி பல சதுர கிலோமீட்டர் காட்டை எரித்துவிடும்.

விடுதிகளும் விலங்குகளின் வழியும்

தங்குமிடங்கள் இருவகை. பூங்காவினுள் வனத்துறையின் பழைய ஓய்வில்லங்கள் சில உள்ளன. அவற்றில் இடம் குறைவு, வசதிகளும் எளியவை. வந்தோருள் பெரும்பாலோர் பூங்காவிற்கு வெளியே தனியார் நடத்தும் விடுதிகளிலேயே தங்குகின்றனர். இவ்விடுதிகள் இராம்நகரிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, டிகுலி, கர்ஜியா முதலிய ஊர்ப்பகுதிகளில் செறிந்துள்ளன. பலவற்றின் பின்புறம் கோசி ஆற்றின் கரையைத் தொடுகின்றது. ஆற்றின் காட்சியே விடுதியின் விலையை உயர்த்துவதால், கரையோர நிலத்திற்குத் தேவை மிகுதி.

இப்போது முன்னர்க் கூறிய நீரின் உண்மையை நினைவிற் கொள்க. மேற்கே பூங்கா, கிழக்கே ஆற்றுக்கப்பால் இராம்நகர் வனக்கோட்டம், இடையே சாலையும் விடுதிகளும் ஆறும். கோடையில் ஓடைகள் வற்றியதும் பூங்காவிலிருந்து யானைகள் நீருக்காகக் கோசிக்கு இறங்குகின்றன. ஆற்றைக் கடந்து மறுபுறக் காட்டிற்கும் செல்கின்றன. இடம் தேடும் இளம்புலிகளின் வழியும் இதுவே. பாட்லிதூன், சில்கியா, கோட்டா முதலிய காடுகளை இணைக்கும் இவ்வழிகளை ஆய்வாளர்கள் யானைத் தடங்களாகக் குறித்துள்ளனர்.

ஒரு விடுதி மட்டும் இருந்தால் யானை அதனைச் சுற்றிப்போகும். அடுத்தடுத்து விடுதிகள் எழுந்து, மதிலும் முள்வேலியும் தொடர்ந்துவிட்டால், சுற்றிப்போக இடமில்லை. கட்டடம் கட்டியவர் ஒவ்வொருவரும் தம் நிலத்தில் மட்டுமே கட்டினார். வழியை அடைத்தவர் என்று எவரையும் தனியாகச் சுட்டிக்காட்ட இயலாது. ஆயினும் வழி அடைபட்டுவிடுகின்றது. மதிலில்லாத இடங்களிலும் இரவு முழுவதும் எரியும் ஒளிவிளக்குகளும், திருமண விழாக்களின் ஒலிபெருக்கிகளும் வேலியைப்போலவே பயன்படுகின்றன. நெடுஞ்சாலையின் போக்குவரத்தும் இவற்றோடு சேர்கின்றது.

தடைபட்ட யானைக் கூட்டம் காட்டிற்குத் திரும்பிச் சென்று தாகத்தோடு இருந்துவிடுவதில்லை. திறந்திருக்கும் இடத்தைத் தேடி நடக்கின்றது. அத்தகைய இடம் பெரும்பாலும் சிறு விவசாயியின் கோதுமை வயலோ கரும்புத் தோட்டமோ ஆகும். விடுதியால் ஒரு காசு வருமானமும் பெறாத குடும்பம் ஓர் இரவில் தன் விளைச்சலை இழக்கின்றது. விறகும் தழையும் சேகரிக்கச் செல்லும் பெண்கள் விலங்குகளை எதிர்பாராத இடத்தில் எதிர்ப்படுகின்றனர். இதன் விளைவாக ஊராருக்கும் வனத்துறைக்கும் இடையே வெறுப்பு வளர்கின்றது. காட்டைக் காண வந்தவர் ஒருவர், தாம் அறியாமலே, இச்சங்கிலியின் முதற் கண்ணியாகிவிடக்கூடும்.

கழிவுப் பொருள்களும் கவனத்திற்குரியவை. உத்தராகண்டத்தின் காட்டோரங்களில் யானைச் சாணத்தில் பிளாஸ்டிக் துண்டுகள் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். உணவுக் கழிவைத் திறந்த குழியில் கொட்டும் இடத்திற்குப் பன்றியும் குரங்கும் வரும், தெருநாய்கள் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும்.

விடுதிகளால் நன்மையே இல்லை என்று கூறுதல் முறையன்று. இராம்நகர்ச் சுற்றுப்புறத்தில் வழிகாட்டிகள், ஜீப் ஓட்டுநர்கள், சமையற்காரர்கள் எனப் பல குடும்பங்கள் பார்வையாளரை நம்பி வாழ்கின்றன. காடு தமக்குப் பயன் தருவது என்று ஊரார் உணர்வது பாதுகாப்பிற்குத் துணை. எத்தனை விடுதிகள், எங்கே, எவ்வாறு என்பதே ஆராயத்தக்க வினா.

சட்டத்தின் நிலை

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பூங்காக்களுக்கு அடிப்படையாகும். 2006இல் அச்சட்டம் திருத்தப்பெற்று, தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் சட்டப்படி அமைந்தது. 2012ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் சுற்றுலாவைச் சில மாதங்கள் நிறுத்திவைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஆணையத்தின் நெறிமுறைகள் வெளிவந்தபின் தடை நீங்கிற்று. மையப் பகுதியில் 20 விழுக்காட்டிற்கு மேற்படாத பரப்பிலேயே சுற்றுலாவிற்கு இடந்தரலாம் என்றும், வண்டிகள் விலங்குகளிலிருந்து குறைந்தது 20 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்றும் அந்நெறிமுறைகள் கூறுகின்றன. 2024ஆம் ஆண்டு மார்ச்சில், கார்பெட் காப்பகத்தின் பாக்ரோ பகுதியில் புலிக் காட்சிசாலைக்காக நிகழ்ந்த சட்டவிரோதமான மரவெட்டையும் கட்டுமானத்தையும் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, சேதத்தைச் சீர்படுத்தப் பணித்தது.

வழிகாட்டிகள் செய்யத்தக்கவை

விடுதியைத் தெரிவு செய்யும் ஆசிரியர், முன்பதிவுக்கு முன் சில கேள்விகளைக் கேட்டறியலாம். ஆற்றங்கரை வரை மதிலோ முள்வேலியோ உள்ளதா? விலங்குகள் கடக்கத் திறந்த இடம் விடப்பட்டுள்ளதா? கழிவுநீர் சுத்திகரிக்கப்படுகின்றதா, ஆற்றிலே விடப்படுகின்றதா? இரவில் வெளிவிளக்குகளும் இசையும் எத்தனை மணிக்கு நிறுத்தப்படுகின்றன? அண்டை ஊராருக்கு வேலை கிடைக்கின்றதா? பள்ளிகள் பல இக்கேள்விகளையே தொடர்ந்து கேட்குமாயின், விடுதி நடத்துவோர் அவற்றிற்கு விடைகூறும் நிலையில் தம் இடத்தை அமைக்க முற்படுவர். ஆற்றைத் தொடாமல் நகரினுள் அமைந்த எளிய விடுதியும், ஊரார் வீட்டில் தங்கும் ஏற்பாடும் மாணவர் குழுவிற்குப் போதுமானவை, செலவும் குறைவு.

கள ஊழியர்கள், யானைகள் சாலையைக் கடக்கும் இடத்தையும் நேரத்தையும் நாள்தோறும் பதிவேட்டில் குறித்து வருதல் வேண்டும். புதிய கட்டடத்திற்கு அனுமதி கோரப்படும்போது அதிகாரிகள் முடிவு செய்ய உதவுவது அப்பதிவேடே. இன்ன இடத்தில் யானை கடக்கும் என்று வாய்மொழியாகக் கூறுவதற்கு மதிப்புக் குறைவு. ஐந்தாண்டுக் குறிப்பிற்கு மதிப்பு மிகுதி.

வகுப்புப் பயிற்சிகள்

1. பூங்கா, சாலை, விடுதிகள், ஆறு, மறுபுறக் காடு ஆகியவற்றைக் காட்டும் படம் ஒன்று வரைக. ஒரு யானைக் கூட்டம் நீரருந்தச் செல்லும் வழிகளை அம்புக்குறியால் காட்டுக. விடுதிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, எத்தனையாவது விடுதியில் கடைசி வழி அடைபடுகின்றது எனக் காண்க.

2. ஒரு புலிக்கு 500 இரைவிலங்குகள் தேவையாயின், குட்டிகளோடு வாழும் தாய்ப்புலிக்கு இத்தொகை ஏன் போதாது என்பதை விளக்குக.

3. உங்கள் ஊரை அடுத்துள்ள குளம், குன்று அல்லது தோப்பில் பறவைகளும் விலங்குகளும் நீருக்கு வரும் வழிகளை ஒரு வாரம் கவனித்துக் குறிப்பெழுதுக. அவ்வழியில் அண்மையில் எழுந்த தடைகள் எவை?

மூன்றாவது பயிற்சி கார்பெட்டுக்குச் செல்ல இயலாத பள்ளிகளுக்கும் உரியது. தன் ஊர்க் குளத்திற்கு நரி வரும் வழியை ஒரு வாரம் கவனித்தறிந்த மாணவன், பின்னாளில் ஆற்றங்கரை விடுதியில் தங்க நேரும்போது, அதன் மதில் எங்கே முடிகின்றது என்று பார்ப்பான்.